கிரிகல்பொத்த ஏற பிளான்: உலக முடிவையும் அதே நாளில் சேர்க்கலாமா?

சுதன்_வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். பெப்ரவரி நடுவில ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவுக்கு வாறம். முக்கிய நோக்கம் கிரிகல்பொத்த உச்சி. அஞ்சு பேர். நாலு பேர் முப்பது வயசுக்குள்ள, கிழமைக்கு ரெண்டு தரம் ஃபுட்போல் விளையாடுற ஆக்கள். அஞ்சாவது பெரியப்பா, 61 வயசு. சிவனொளிபாதமலை ஏறினவர், மூச்சுப் பிரச்சினை இல்லை. ஆனா இறங்கேக்க வலது முழங்கால் நோகும்.

இப்ப கையில இருக்கிற பிளான் இதுதான். கோட்டையில இருந்து இரவு ரயில்ல வந்து ஒஹியவில இறங்கி, ஆட்டோ பிடிச்சு வாசலுக்குப் போறது. முதல்ல உலக முடிவு (World's End) எண்ட பாறை விளிம்பு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. அது முடிய கிரிகல்பொத்த. பின்னேரம் நுவரெலியாவில தங்கல். மேப் ஆப்பில கிரிகல்பொத்தவுக்கு ஒரு வழி 7 கிலோமீட்டருக்கு ஒண்டரை மணித்தியாலம் எண்டு காட்டுது, ஏற்றமும் 300 மீட்டருக்குள்ளதான். பீதுருதாலகாலைக்கு அடுத்த உயரம் எண்டு கேள்விப்பட்டுப் பயந்தா, கணக்கில பார்க்க லேசாத் தெரியுது. நான் எதையாவது தவற விடுறனா? உடுப்பு, சாப்பாடு, தண்ணி பற்றியும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஒத்தையடிப்பாதை

தவற விடுறது நேரத்தைத்தான் தம்பி. உயரத்தைப் பத்தி நீங்க சொன்னது சரி. நடை தொடங்குற ஃபார் இன் (பயணிகள் நிலையம்) நிக்கிற இடமே 2,100 மீட்டருக்கு மேல. உச்சி 2,388ன்னு சில வரைபடத்துல இருக்கும், 2,395ன்னு சிலதுல இருக்கும். எதை எடுத்தாலும் முன்னூறுக்குள்ளதான். பீதுரு 2,524 மீட்டர், ஆனா அது பாதுகாப்பு வலயம், நடந்து ஏற விடமாட்டாங்க. அதனால சாதாரண ஆள் கால் வச்சு ஏறக்கூடிய உயரமான உச்சி இலங்கையில கிரிகல்பொத்ததான்.

ஆப் காட்டுற ஒன்றரை மணித்தியாலம் தார் ரோட்டுக்கான கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர்னு வச்சுப் பெருக்கிட்டு வேலைய முடிச்சிடும். இந்தப் பாதையில அந்த வேகத்துல உங்களால நடக்க முடியாது. ஏன்னு பாதையப் பகுதி பகுதியா பாத்தா விளங்கும்.

முதல் பகுதி பட்னா புல்வெளி. பார்க்கத் தட்டையா இருக்கும். ஆனா தண்ணி வடியாத பள்ளங்கள் நிறைய, அதுல கறுத்த சேறு. மேல புல் காய்ஞ்ச மாதிரி தெரியும், கால வச்சா கெண்டைக்கால் வரைக்கும் போகும். மழை விட்டு ரெண்டு மூணு நாளானாலும் அந்தச் சேறு காயாது. சின்ன ஓடைகளையும் தாண்டணும். சேத்தைச் சுத்திப் போறேன்னு ஓரத்துப் புல்லுல மிதிச்சு மிதிச்சு ஆளுங்க பாதைய அகலமாக்கி வச்சிருக்காங்க. அதால சேறும் அகலமாச்சு. சப்பாத்து அழுக்காகுமேன்னு பாக்காம நடுவுலயே மிதிச்சுப் போங்க. கல்லோ, புல் குத்தோ இருந்தா அதுல கால வைங்க, இல்லாட்டி கம்ப முதல்ல குத்தி ஆழம் பாருங்க.

அடுத்தது காடு. இங்கதான் நேரம் போகும். பாதை ஒரே ஏத்தமா போகாது, மேட்டுல ஏறி மறுபக்கம் இறங்கி அடுத்த மேட்டுல ஏறும். நீங்க இறங்கின ஒவ்வொரு இறக்கமும் திரும்பி வரும்போது ஏத்தமா நிக்கும். வரைபடத்துல 300 மீட்டர்னு தெரியிறது தொடக்கத்துக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். கால் ஏறுற மொத்த ஏத்தம் அதைவிடக் கூட. காட்டுக்குள்ள ஏறுற ஒவ்வொரு மேட்டையும் உச்சின்னு நெனச்சு யாராவது கை தட்டுவாங்க, தட்ட விட்ருங்க. பாதையில குட்டை மூங்கில் ரெண்டு பக்கமும் சாஞ்சு கிடக்கும். காலையில அந்த இலையில இருக்குற பனித்தண்ணி மொத்தமும் உங்க களிசான்லதான் இறங்கும். மழை பெய்யாமலே இடுப்பு வரைக்கும் நனைஞ்சு போவீங்க.

கடைசிப் பகுதி செங்குத்து. வேரையும் பாறையையும் கையால பிடிச்சு ஏறணும். கயிறு தேவையில்ல, ஆனா கம்ப மடிச்சு பேக்ல போட்டுட்டு ரெண்டு கையும் சும்மா இருக்கணும். ஏறினதும் திறந்த பாறை. வானம் சுத்தமா இருந்தா நேர் மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி சிவனொளிபாதமலை கூம்பாத் தெரியும், வடக்கே பீதுரு.

ஓரளவு பழக்கப்பட்ட ஆளுக்கு போக 3 மணித்தியாலம், உச்சியில அரை மணித்தியாலம், வர இரண்டரையிலிருந்து 3. மொத்தம் ஆறரை மணித்தியாலம்னு வைங்க. சேறு கூடின நாள்ல 7. உலக முடிவுச் சுத்து 9 கிலோமீட்டருக்கு மேல, அதுக்கு மூணு மணித்தியாலம். ரெண்டையும் கூட்டினா 23 கிலோமீட்டர், பத்து மணித்தியாலம். வாசல் காலையில 6 மணிக்குத் திறக்கும், இருட்ட முன்ன வெளிய வந்தாகணும். பெப்ரவரியில 6.20 போல சூரியன் இறங்கிடும். கணக்குல இடிக்காது, ஆனா ஒரு கால் சுளுக்குனா போதும், இருட்டுல காட்டுக்குள்ள நிப்பீங்க.

ரெண்டு நாளாப் பிரிங்க. டிக்கட் ரெண்டு நாளைக்கும் எடுக்கணும், அது செலவுதான். முடியாதுன்னா கிரிகல்பொத்தவ மட்டும் வச்சுக்கிட்டு உலக முடிவ விட்ருங்க. மாத்திச் செய்யாதீங்க. உலக முடிவு முடிச்சிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினா, உச்சியில நீங்க பாக்கப் போறது வெள்ளை மூட்டம் மட்டும்தான்.

பட்னா_காத்து

மேல சொன்னதுல ஒரே ஒரு இடத்துல நான் வேற மாதிரி. ரெண்டு நாளாப் பிரிச்சா, கிரிகல்பொத்தவ இரண்டாம் நாளுக்கு வைங்க. கொழும்பு கடல் மட்டம். ராத்திரி ரயில்ல உக்காந்தபடி தூங்கி, விடிய 2,100 மீட்டர்ல இறங்கி உடனே 14 கிலோமீட்டர் நடந்தா தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குற ஆளுங்க உண்டு. பெரிய உயர நோய் இந்த உயரத்துல வழக்கமா வராது. ஆனா தூக்கக் குறைவும் தண்ணி குடிக்காததும் சேர்ந்தா அதே மாதிரி ஆளைப் போட்டுடும். முதல் நாள் உலக முடிவு, ராத்திரி பட்டிப்பொலவுலயோ ஒஹியவுலயோ நுவரெலியாவுலயோ நல்ல தூக்கம், மறுநாள் உச்சி.

உலக முடிவுலயும் சீக்கிரம் போகணும்கிறதுக்குக் காரணம் இருக்கு. அந்தப் பாறை விளிம்பிலிருந்து கீழ 870 மீட்டருக்கு மேல இறக்கம். வெயில் ஏற ஏறக் கீழ்ப் பள்ளத்தாக்குக் காத்து சூடாகி சரிவு வழியா மேல ஏறும், ஏறக் குளிர்ந்து மேகமாகும். அது ஒன்பது, பத்து மணிக்கு விளிம்புக்கு வந்து நிக்கும். அப்புறம் எவ்வளவு நேரம் நின்னாலும் ஒண்ணும் தெரியாது.

ரயில் பத்தி: மலைநாட்டுப் பாதையில மழைக்காலத்துல மண்சரிவு வந்தா சேவை நின்னுடும், பாதி தூரம் மட்டும் ஓடுறதும் உண்டு. டிக்கட் போடும்போதே ஒஹிய வரைக்கும் ஓடுதான்னு கேளுங்க. ஒஹிய ஸ்டேஷன்ல இருந்து ஃபார் இன் 11 கிலோமீட்டர், முழுக்க ஏத்தம், வளைவு. அஞ்சு பேரும் பேக்கும் ஒரு ஆட்டோவுல ஏறாது, ரெண்டு தேவை. முன்கூட்டியே பேசி வைக்கலன்னா விடியக்காலையில ஸ்டேஷன்ல நின்னுகிட்டு இருப்பீங்க. திரும்பி வர்றதுக்கும் அப்பவே பேசிடுங்க, மேல சிக்னல் நம்ப முடியாது. நுவரெலியாவுல தங்கினா அம்பேவெல, பட்டிப்பொல வழியா 32 கிலோமீட்டர். வேன் பிடிச்சு 4.45க்குக் கிளம்பினா வாசல் திறக்கும்போது வரிசையில முன்னால நிக்கலாம். போயா (பௌர்ணமி) சேர்ந்த நீண்ட விடுமுறையில வராதீங்க, வரிசையிலயே ஒரு மணித்தியாலம் போகும்.

உடுப்புக்கு வர்றேன். டெனிம் வேண்டவே வேணாம். நனைஞ்சா கல் மாதிரி கனக்கும், காயவே காயாது. ஸ்போர்ட்ஸ் களிசான் போதும். பருத்தி பெனியனும் அப்படித்தான், வேர்வைய உறிஞ்சி உடம்போட ஒட்டி வச்சிருக்கும். உச்சிப் பாறையில காத்து அடிக்கும்போது நடுங்க ஆரம்பிக்கிறது அதாலதான். ஃபுட்போல் விளையாடப் போடுற ஜேர்சியே நல்லது. அதுக்கு மேல ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்தும் மழையும் தாங்குற ரெயின்கோட். குடை இந்தக் காத்துக்கு நிக்காது, மூங்கிலுக்குள்ள கொண்டுபோகவும் முடியாது. பெப்ரவரியில விடியக்காலை புல்லு மேல உறைபனி விழுற நாள் உண்டு, அதனால தொப்பியும் கையுறையும் வேணும். பத்து மணிக்கு வெயில் சுள்ளுன்னு சுடும். குளிருதேன்னு வெயில கணக்குல எடுக்காம விடுறவங்களுக்குக் கழுத்தும் மூக்கும் உரிஞ்சு போகும், சன் கிரீம் பூசுங்க.

காலுக்கு: கம்பூட்ஸ் போட்டுட்டுப் போகலாம்னு சிலர் சொல்வாங்க. சேத்துக்குச் சரி, கடைசிப் பாறையில கணுக்காலைப் பிடிக்காது, உள்ள தண்ணி போனா வெளிய வராது. அடியில ஆழமான பல்லு உள்ள, கணுக்கால் மூடுற சப்பாத்துதான் சரி. அது இல்லன்னா பல்லுள்ள ஃபுட்போல் பயிற்சிச் சப்பாத்துக்கூட ஓடுற சப்பாத்தைவிட மேல். ஆனா பாறையில அந்தப் பல்லு வழுக்கும், அதையும் மனசுல வைங்க. புதுச் சப்பாத்த அன்னைக்குத்தான் முதல்ல போடுறதுன்னு வராதீங்க. செருப்போட வந்தா வெட்டுப்பட்ட குட்டை மூங்கில் கட்டை காலுக்குள்ள ஏறும். களிசானை சொக்ஸுக்குள்ள விட்டுக் கட்டுங்க. அட்டை கீழ்க்காடு மாதிரி இங்க மொய்க்காது, குளிர்தான் காரணம். இருந்தாலும் ஈரமான காட்டுப் பகுதியில ஒண்ணு ரெண்டு ஏறலாம். பூசுறதுக்கு சித்தாலேப தைல டப்பி ஒண்ணு பொக்கட்ல இருந்தா போதும்.

டீச்சர்_பண்டாரவளை

பெரியப்பாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆகையால் நான் எழுதுகிறேன்.

சிவனொளிபாதமலை ஏறியவர் என்பதை வைத்து இதை அளவிடாதீர்கள். அங்கே படிக்கட்டு உண்டு, பிடிக்கக் கம்பி உண்டு, வழிநெடுகத் தேநீர்க்கடை உண்டு, முடியாவிட்டால் எந்த இடத்திலும் உட்கார்ந்துவிடலாம். கிரிகல்பொத்தவில் ஏழாவது கிலோமீட்டரில் முழங்கால் பூட்டிக்கொண்டால் அந்த ஏழு கிலோமீட்டரையும் அவரே நடந்துதான் வர வேண்டும். வாகனம் வராது. தூக்குவதென்றால் அந்த மூங்கில் பாதையில் இரண்டு பேர் அக்கம்பக்கமாக நடக்க இடமில்லை.

இறங்கும்போது நோகும் முழங்காலுக்கு மிகக் கெட்டது, கால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத தரை. வேரும் சேறும் அதைத்தான் செய்கின்றன: ஒவ்வொரு அடியிலும் கால் சற்று வழுக்கும், முழங்கால் திருகித் தாங்கும். இரண்டு கம்பு, முழங்கால் பட்டி, குட்டைக் காலடி, இவை உதவும். ஆனால் குணமாக்காது. என் கருத்து, அவர் முதல் நாள் உலக முடிவுச் சுற்றை உங்களோடு நடக்கட்டும். அதிலும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் துண்டு செங்குத்து, வழுக்கும். சுற்றாக வராமல் சின்ன உலக முடிவு வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் அந்தத் துண்டைத் தவிர்த்துவிடலாம்.

'அப்படியானால் அவருக்குத் தொட்டுபொல கந்த' என்று யாராவது சொல்வார்கள். 2,357 மீட்டர், நாட்டில் மூன்றாவது உயரம், பட்டிப்பொல வாசலைத் தாண்டி வீதியோரத்திலேயே ஏறத் தொடங்கலாம், ஒரு மணித்தியாலத்தில் உச்சி. தூரம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தத் தூரத்துக்கு இடைவிடாத ஏற்றம், ஆகவே திரும்பும்போது இடைவிடாத இறக்கம். முழங்கால் நோகும் ஆளுக்கு நீளமான தட்டையைவிடக் குட்டையான செங்குத்து மோசம். மாறாக, இளையவர்கள் நால்வரும் தங்கள் காலைச் சோதித்துப் பார்க்க முதல் நாள் மத்தியானம் தொட்டுபொல ஏறினால் நல்லது. புஷ்பக விமானம் இறங்கிய இடம் என்று கதையும் உண்டு, படம் எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரை பேக்கின் வெளிப் பையில் போடாமல் உடுப்புக்குள் உடம்போடு வையுங்கள். குளிரில் அந்தக் குப்பியின் அழுத்தம் குறைந்து, அமுக்கும்போது வரும் மருந்தின் அளவும் குறையும். வலி மாத்திரையை ஏறும்போதே போட்டுக்கொண்டு நடக்கும் பழக்கம் வேண்டாம். வலி காட்டும் எச்சரிக்கை தெரியாமல் போய்விடும்.

சுதன்_வெள்ளவத்தை

நன்றி எல்லாருக்கும். பிளானை மாத்தியாச்சு. முதல் நாள் உலக முடிவு, பெரியப்பாவும் வாறார். ரெண்டாம் நாள் நாங்கள் நாலு பேரும் கிரிகல்பொத்த, அவர் ஃபார் இன் பக்கத்தில நிற்பார்.

இன்னும் மூண்டு விஷயம். சாப்பாடு, தண்ணி எவ்வளவு? மூட்டத்தில வழி தவறுறது உண்மையிலேயே நடக்கிறதோ, பாதை தெளிவா இல்லையோ? மற்றது, கனடாவில இருந்து வாற மச்சானுக்கு எங்களோட சேத்து உள்நாட்டு டிக்கட் எடுக்கலாமோ?

பட்னா_காத்து

மச்சான் விஷயம் முதல்ல: உள்நாட்டு டிக்கட் இலங்கை அடையாள அட்டையோ பாஸ்போட்டோ இருக்குறவங்களுக்கு. கனடா பாஸ்போட் மட்டும்னா வெளிநாட்டுக் கட்டணம், அது பல மடங்கு. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா இலங்கை பாஸ்போட்டைக் கையில கொண்டு வரச் சொல்லுங்க. தமிழ் பேசினா மட்டும் போதாது.

தண்ணி ஆளுக்கு ரெண்டரை லீட்டர். குளிர்ல தாகம் தெரியாது, அதனால அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நாலு மடக்குக் குடிங்க. ஒரு லீட்டர்ல ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள்) ஒரு பக்கட்டைத் தங்குமிடத்துலயே கரைச்சுக்கோங்க. பக்கட்டை மேல கொண்டுபோக வேண்டியதில்ல. ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்காதீங்க. மேல மரை மான் கூட்டம் படுத்து எழும்புற இடம்.

வாசல்ல பேக்கைத் திறந்து பாப்பாங்க. பொலித்தீன் எல்லாத்தையும் எடுத்துடுவாங்க, தண்ணிப் போத்தல்ல இருக்குற லேபலைக்கூடக் கிழிச்சிடுவாங்க. பிஸ்கட்டை உறையிலிருந்து பிரிச்சு கடதாசியில கட்டித் தருவாங்க, அது ஈரத்துல கூழாகிடும். அதனால வீட்டிலேயே எல்லாத்தையும் சில்வர் டப்பாவுக்கு மாத்திடுங்க. அஞ்சு நிமிஷத்துல வாசலைத் தாண்டிடலாம்.

சோறு கட்டாதீங்க, ஆறினா இறங்காது. கோதம்பு மா ரொட்டி தடிப்பா சுட்டு, நடுவுல கட்டசம்பல் வச்சு, வாட்டின வாழை இலையில சுத்திட்டா பத்து மணிக்கும் மெதுவா இருக்கும். ஆளுக்கு மூணு. சம்பல்ல தேங்காய் சேர்த்திருந்தா அன்னைக்குக் காலையில அரைச்சதா இருக்கணும். அவிச்ச முட்டை ரெண்டு, பேரீச்சம்பழம் ஒரு கை, கச்சான் ஒரு கை. யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்குச் சொல்லணுமா, பனங்கட்டி ஒரு குட்டான் எடுத்துக்கோங்க. கடைசி ஏத்தத்துக்கு முன்னாடி ஒரு துண்டு வாயில போட்டா குளுக்கோஸ் வேண்டாம். ஒரே தடவையா உக்காந்து சாப்பிடாம நடந்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா. அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்காந்தா உடம்பு குளிர்ந்துடும், அப்புறம் கால் எழும்பாது. ஃபிளாஸ்க்ல இஞ்சி போட்ட பிளேன்டீ மட்டும் உச்சிக்குன்னு வச்சிருங்க.

முட்டைக் கோதையும் தோடம்பழத் தோலையும் புதருக்குள்ள எறியக்கூடாது. இந்தக் குளிர்ல மக்க மாசக்கணக்காகும். ஃபார் இன் கிட்ட மரை பக்கத்துலயே வரும், கையை நீட்டாதீங்க, தீனி போடாதீங்க. ஆள் போட்ட சாப்பாட்டோட பொலித்தீனையும் தின்னு செத்த மரைகள் உண்டு, வாசல்ல அவ்வளவு கெடுபிடி செய்யிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒத்தையடிப்பாதை

வழி தவறுறது நடக்குது. காட்டுக்குள்ள குறைவு, புல்வெளியிலதான் கூட. கேட்டா நம்பமாட்டீங்க. காட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் மூங்கில், விலகிப் போக இடமே இல்ல. புல்வெளியில மரை நடந்த தடம் ஒவ்வொண்ணும் ஆள் நடந்த பாதை மாதிரியே இருக்கும். ஒரே அகலம், ஒரே சேறு. தெளிவான நாள்ல தூரத்துல பாதை தொடர்றது தெரியும், சரியானதை எடுத்துடுவீங்க. மூட்டம் இறங்கி இருபது அடிக்கு மேல தெரியாத நேரத்துல மரைத் தடத்துல திரும்பிட்டா அது உங்கள ஓடைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு முடிஞ்சு போகும்.

பாத்து வைக்க வேண்டிய அடையாளம் ஒண்ணு சொல்றேன். குனிஞ்சு சேத்தைப் பாருங்க. ஆள் பாதையில சப்பாத்துப் பல்லுத் தடம் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். மரைத் தடத்துல பிளந்த குளம்பு மட்டும்தான், ரெண்டு இலை சேர்த்து வச்ச மாதிரி, முன்பக்கம் கூரா. ரெண்டும் கலந்து இருந்தா இன்னும் பாதையில இருக்கீங்க. இருபது முப்பது அடி நடந்தும் குளம்பு மட்டும் தெரிஞ்சா நின்னு திரும்பி, கடைசியா சப்பாத்துத் தடம் கண்ட இடத்துக்கு வாங்க. குறுக்கால வெட்டிப் பாதையப் பிடிக்கலாம்னு போகாதீங்க. புல்லுக்கடியில குழி இருக்குறது தெரியாது.

போகும்போதே ஒவ்வொரு பிரிவுலயும் நின்னு பின்னால திரும்பிப் பாத்து ஒரு படம் எடுங்க. வரும்போது நீங்க பாக்கப் போறது அந்தப் பக்கத்து முகம்தான். காடும் புல்லும் சந்திக்கிற இடத்தைக் கட்டாயம் எடுங்க, திரும்பி வரும்போது காட்டை விட்டு வெளிய வந்ததும்தான் குழப்பம். போன்ல ஓஃப்லைன் மேப்பை முதல் நாளே இறக்கி, நடந்த தடத்தைப் பதிய விடுங்க. போனை ஏரோபிளேன் மோட்ல போட்டாலும் ஜீபிஎஸ் வேலை செய்யும். சிக்னல் தேடித் தேடித்தான் பெட்டரி தீரும். திசை மறந்தா இதை நினைவுல வைங்க: உச்சி ஃபார் இன்னுக்கு மேற்கே, அதனால திரும்புற வழி மொத்தத்துல கிழக்கு. உலக முடிவு தெற்கே, அது வேற பாதை, ரெண்டும் நடுவுல சந்திக்காது.

வழிகாட்டி வேணுமான்னா, மூட்டத்துல நடந்து பழக்கமில்லாத நாலு பேருக்கு வேணும்னுதான் சொல்வேன். வேணாம்னு முடிவு பண்ணினாலும் பயணிகள் நிலையத்துல போய், கிரிகல்பொத்த போறோம், இத்தனை பேர், இத்தனை மணிக்குத் திரும்புவோம்னு சொல்லிட்டுப் போங்க. அன்னைக்குப் பாதை திறந்திருக்கான்னும் அங்கயே தெரியும். திரும்பி வந்ததும் வந்துட்டோம்னு சொல்லணும், நிறையப் பேர் அதைச் செய்யாமப் போய்டுறாங்க.

நேரம்: ஃபார் இன்ல 6.45க்குக் காலடி. 8.30க்குக் காட்டுக்குள்ள இருக்கணும். 10க்கு உச்சி. எங்க நின்னாலும் 11க்குத் திரும்பணும், உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும். இதை நாலு பேரும் முதல் நாள் ராத்திரியே பேசி ஒத்துக்கணும். மேல போய்ப் பேசினா 'இன்னும் அஞ்சு நிமிஷம்'னு எல்லாருக்கும் தோணும்.

கொழுந்துக்கூடை_79

எதுக்கு இவ்வளவு சுத்து? அக்கரப்பத்தனை, தியகம பக்கம் தோட்டத்துப் பையன்களைப் பிடிச்சா காட்டுக்குள்ளால ஏத்தி விடுவானுங்க. டிக்கட்டும் இல்ல, வரிசையும் இல்ல.

டீச்சர்_பண்டாரவளை

தேசிய பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் கொழும்புப் பிள்ளைகள் தண்டம் கட்டிவிட்டுப் போவார்கள். ஏற்றிவிட்ட தோட்டத்துப் பையன்தான் வழக்குக்கு அலைவான். அது ஒரு பக்கம் இருக்க, உள்ளே போனது யாருக்கும் தெரியாவிட்டால் வராததும் யாருக்கும் தெரியாது.

கொழுந்துக்கூடை_79

சரி டீச்சர், சும்மா சொன்னேன்.

சுதன்_வெள்ளவத்தை

கடைசிக் கேள்வி. ஒராளுக்குக் கால் சுளுக்கினா என்ன செய்யிறது? நாலு பேரில ரெண்டு பேர் ஓடிப்போய் ஆள் கூட்டி வாறதுதானே?

ஒத்தையடிப்பாதை

ரெண்டு பேர் போகலாம், ஆனா ஓடக் கூடாது. ஒருத்தர் எப்பவும் அடிபட்டவரோட இருக்கணும், தனியா யாரும் போகவும் கூடாது, நிக்கவும் கூடாது. நாலு பேர்னா ரெண்டு, ரெண்டு. மூணு பேரா இந்த மலைக்குப் போறது சரியில்லன்னு சொல்றது இதுக்காகத்தான்.

முதல்ல சப்பாத்தைக் கழட்டாதீங்க. கழட்டினா வீங்கி, திரும்பப் போட முடியாது. சப்பாத்துக்கு மேலயே துணிப் பட்டிய எட்டு வடிவத்துல இறுக்கிச் சுத்துங்க. எழும்பி நாலு அடி ஊன்றி நடக்க முடிஞ்சா, ரெண்டு கம்போட மெதுவா வரலாம், மூணு மணித்தியால வழி ஆறு ஆகும். பதினொரு மணிக் கணக்குல அந்த ஆறையும் சேர்த்துத்தான் வச்சிருக்கு. ஊன்றவே முடியாட்டி நகத்தாதீங்க. பேக்கை அடியில போட்டு உக்கார வைங்க, ஈரத் தரையில உக்காரவே கூடாது. நனைஞ்ச உடுப்ப மாத்துங்க, ரெயின்கோட்டால மூடுங்க. வெயில் இருந்தாலும் அசையாத ஆள் அரை மணித்தியாலத்துல நடுங்குவார்.

போற ரெண்டு பேர் கையில எழுதின துண்டு இருக்கணும்: மேப்ல காட்டுற இடத்து எண், எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன அடி. சிக்னல் கிடைச்சா 1990க்கு அம்புலன்ஸ், 119க்குப் பொலிஸ். ஆனா அம்புலன்ஸ் ஃபார் இன் வரைக்கும்தான் வரும். காட்டுக்குள்ளயிருந்து ஆளை எடுக்க வனஜீவராசிகள் திணைக்கள ஆளுங்கதான் வரணும், அதனால பயணிகள் நிலையத்துக்குத்தான் முதல்ல போகணும். நிக்கிற ரெண்டு பேருக்கு விசில்: நிமிஷத்துக்கு ஆறு ஊது, ஒரு நிமிஷம் சும்மா இரு, திரும்ப ஆறு. பதிலுக்கு மூணு ஊது கேட்டா ஆள் வருதுன்னு அர்த்தம். மூட்டத்துல டோர்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல போகாது, விசில் போகும். ஒரு விசில் நூறு ரூபாயோ என்னவோ, நாலு பேருக்கும் நாலு வாங்குங்க.

பட்னா_காத்து

டோர்ச்சும் நாலு வேணும், தலையில கட்டுறது. போன் வெளிச்சத்தை நம்பி வராதீங்க, அந்தப் பெட்டரி மேப்புக்கு வேணும்.

பெரியப்பா ஃபார் இன்ல ஏழு மணித்தியாலம் காத்திருக்கப் போறார்னா அவருக்கும் ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்கும் வைங்க, காத்து அங்கயும் அடிக்கும். உங்க நேரக் கணக்கை எழுதி அவர் கையில குடுங்க. மூணு மணிக்கும் நீங்க வரலன்னா அவர் போய்ச் சொல்லட்டும்.